ஸ்க்ராட்ச் மேப் வாங்கலாமா? ஒரு வருஷம் சுவத்துல மாட்டிப் பார்த்த அனுபவம்

ஸ்க்ராட்ச் மேப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் மொதல்ல சொல்லிடறேன். பெரிய உலக வரைபடம், எல்லா நாட்டு மேலயும் தங்கக் கலர்ல ஒரு பூச்சு, நீங்க எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தீங்களோ அந்த நாட்டைச் சுரண்டினா அடியில இருக்குற பச்சையோ சிவப்போ ஊதாவோ வெளிய வரும். அவ்ளோதான் சமாச்சாரம். ஊர் சுத்தற ஆசை இருக்குறவங்களுக்கு ஏதாவது கிஃப்ட் குடுக்கணும்னு யோசிச்சா நெறைய பேருக்கு மொதல்ல தோணுறது இதுதான், எனக்கும் என் தம்பி போன பிறந்தநாளுக்கு இதைத்தான் குடுத்தான். நானும் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டி, ஒரு வருஷமா தினமும் காலையில காபி டம்ளரோட அது முன்னாடி நிக்கறேன். நடுவுல ஒரு கார்க் போர்டு மேப்பும் ஒரு குளோபும் வாங்கினேன், அது ஏன்னு போகப் போக சொல்றேன். கம்பெனி பேரு போடல. நான் சொல்லப்போற குறைங்க பாதிக்கு மேல இந்த வகை மேப் எல்லாத்துக்குமே பொருந்தும், ஒருத்தரை மட்டும் குத்தம் சொல்றது நியாயமா படல.

மொதல்ல பொருளைப் பத்தி. அட்டைக் குழாய்ல சுருட்டி வரும், என்னோடது 80 சென்டிமீட்டர் அகலம். வெளிய எடுத்த உடனே மாட்டிடலாம்னு நெனைக்காதீங்க, சுருள் விடாது, எதிர்ப்பக்கமா சுருட்டவும் கூடாது, அப்படிப் பண்ணா பூச்சுல முடி மாதிரி கோடு விழும். எனக்கு ஆப்பிரிக்கா நடுவுல ஒரு கோடு விழுந்துச்சு, அது இன்னும் அப்படியேதான் இருக்கு. மேப்பை முகம் மேல பாக்குற மாதிரி தரையில விரிச்சு, மேல ஒரு பழைய பெட்ஷீட் போட்டு, நாலு ஓரத்துலயும் தலையணை மாதிரி கனமில்லாத ஆனா பரவலா அமுக்குற எதையாவது வச்சு ரெண்டு நாள் விட்டுடுங்க. அந்த தங்கப் பூச்சு ரீசார்ஜ் கார்டுல நம்பரை மறைச்சிருந்த அதே வகைதான், ரப்பர் மாதிரி லேடெக்ஸ்ல உலோகப் பொடி கலந்து அடிச்சிருப்பாங்க, நகம் பட்டாலே வந்துரும். கூட ஒரு சின்ன முக்கோண பிளாஸ்டிக் துண்டு குடுத்தாங்க சுரண்டறதுக்கு, அதோட முனை கூர்மையா இருந்ததால அடியில இருக்குற பிரிண்டையும் சேத்துக் கிழிச்சது. ஒரு நாணயத்தோட விளிம்பைப் படுக்க வச்சு மெதுவா தேய்ச்சா போதும், எல்லைக் கோட்டுகிட்ட வரும்போது பல்குத்துற குச்சியை வச்சு இழுத்தா பக்கத்து நாடு தப்பிக்கும். சுரண்டுன தூளை கையால தட்டாதீங்க, ஒட்டிக்கிட்டு கடல் பூரா மினுங்கும், பெயின்ட் பிரஷ்ஷால தள்ளுங்க.

பூச்சு தரம் நல்லா இருந்துச்சு, அதை ஒத்துக்கணும். கலரும் கண்ணைக் குத்தாம, நாடுங்க பேரு தெளிவா, மலைத்தொடருக்கு லேசா நிழல் எல்லாம் குடுத்து அழகா பண்ணியிருந்தாங்க. ஆனா தெற்கு சூடான் இல்ல. 2011 ஜூலை 9ல தனி நாடா ஆச்சு, அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பழைய ஃபைலையே வச்சு அச்சடிக்கறாங்கன்னு அர்த்தம். வித்தவங்களுக்கு ரெண்டு தடவை மெயில் போட்டேன், பதிலே இல்ல. இது சின்ன விஷயமா சிலருக்குத் தோணலாம், எனக்கு அப்படித் தோணல, ஒரு உலக மேப்னு பேரு வச்சு வித்தா உலகம் அதுல இருக்கணும்.

இப்ப அசல் விஷயத்துக்கு வர்றேன்.

மாட்டுன அன்னைக்கு ராத்திரி உக்காந்து சுரண்டினேன். என் சொந்த நாட்டோட சேத்து மூணு நாடு. பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிருச்சு. மிச்சம் எல்லாம் தங்கம். ஐநா சபையில உறுப்பு நாடுங்களே 193 இருக்கு, அதுல 190 அப்படியே பளபளன்னு நிக்குது. இந்த மேப்போட விளம்பரம் எல்லாத்துலயும் பாதிக்கு மேல சுரண்டி வானவில் மாதிரி ஆன மேப்பைத்தான் காட்டுவாங்க. ஆனா நம்மள்ல பெரும்பாலான பேருக்கு இது வாழ்நாள் பூரா தங்கமாவேதான் இருக்கப் போகுது, அதனால இந்தப் பொருளை எடை போடணும்னா அந்தத் தங்கத்தை வச்சுத்தான் எடை போடணும்னு எனக்குப் பட்டுச்சு. போன இடத்தைக் காட்டறதுல இது நல்லா இருக்கு. போகணும்னு நெனைக்கிற இடத்தை இது எப்படி வச்சிருக்கு? நான் பாத்தது அதைத்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மா மேப் முன்னாடி வந்து நின்னாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. நான் கேட்டேன், "ஏம்மா, உனக்கு எங்கயாவது போகணும்னு ஆசை இருக்கா?" இத்தனை வருஷத்துல நான் அம்மாகிட்ட இதைக் கேட்டதே இல்லன்னு கேட்டப்புறம்தான் உறைச்சுது. அம்மா சட்டுனு சொன்னாங்க, யோசிக்கவே இல்ல. "பென்குயின் கூட்டம் கூட்டமா நிக்குமே, குஞ்சை காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு, அந்த எடம் எங்கடி இருக்கு இதுல?" நான் அவங்க விரலைப் புடிச்சு தென் அமெரிக்கா வழியா கீழ கீழ இறக்கிக்கிட்டே போனேன், சிலி, அர்ஜென்டினா, அந்த வால் முனை, அதுக்கு கீழ ரெண்டு விரக்கடை நீலம், அப்புறம் ஃப்ரேமோட கட்டை. அவ்ளோதான். அன்டார்டிகா இல்ல. அம்மா விரல் மரக்கட்டை மேல நின்னுச்சு. "இதுல இல்லையா? சரி விடு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அந்த "சரி விடு" என்னால விட முடியல.

ஏன் இல்லன்னு தேடிப் பாத்தேன். இந்த மாதிரி மேப் நெறைய மெர்கேட்டர் முறையில வரைஞ்சது. 1569ல ஜெரார்டஸ் மெர்கேட்டர் கப்பல்காரங்களுக்காக போட்டது, அதுல நேர்க்கோடு இழுத்தா திசைகாட்டியை ஒரே கோணத்துல வச்சு அந்த வழியாவே போய்ச் சேரலாம், அந்தக் காலத்துக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனா அதுக்கு விலை என்னன்னா, நில நடுக்கோட்டுலருந்து தள்ளிப் போகப் போக எல்லாத்தையும் இழுத்து இழுத்துப் பெருசாக்கிட்டே போகும். 60 டிகிரில நீளம் அகலம் ரெண்டும் ரெண்டு மடங்கு, அப்போ பரப்பு நாலு மடங்கு. துருவத்துகிட்ட போனா முடிவே இல்லாம நீளும், அதனால எங்கயாவது ஒரு இடத்துல வெட்டித்தான் ஆகணும், வெட்டுறவங்க மனுஷங்க நிரந்தரமா இல்லாத பக்கமா பாத்து வெட்டிடறாங்க. ஒரு கோடியே நாப்பது லட்சம் சதுர கிலோமீட்டர் இருக்குற கண்டம் ஃப்ரேமுக்கு வெளிய போயிருது. மேல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா சைஸுக்கு நிக்குது, நெஜத்துல ஆப்பிரிக்கா அதைவிட 14 மடங்கு பெருசு. இதே மேப்பைப் பாத்து வளர்ற ஒரு புள்ளைக்கு ஆப்பிரிக்காவோட விரிவு எப்படிப் புரியும் சொல்லுங்க.

அன்டார்டிகா எட்டாத இடமும் கிடையாது, அதுதான் எனக்கு இன்னும் ஆதங்கம். அர்ஜென்டினாவோட தென்கோடியில உஷுவாயான்னு ஒரு துறைமுக ஊரு, அங்கருந்து கப்பல் கிளம்பி டிரேக் கடலைத் தாண்டினா கிட்டத்தட்ட ரெண்டு நாள்ல அன்டார்டிகா தீபகற்பம். சீசன் நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும்தான். ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல கரையில இறங்கக் கூடாது, இறங்குறதுக்கு முன்னாடி பூட்ஸைக் கழுவணும், பென்குயின்கிட்டருந்து 5 மீட்டர் தள்ளி நிக்கணும், அதுவா நம்ம பக்கம் வந்தா ஒதுங்கி வழி விடணும். 1959ல 12 நாடுங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட பூமி அது. குஞ்சு பாக்கணும்னா டிசம்பர் கடைசி, ஜனவரி மாதிரி போகணும். இவ்ளோ கண்டிப்பா வழி இருக்குற ஒரு இடத்தை மேப்பே இல்லன்னு சொல்லிட்டா, அதைப் பாத்துட்டு நிக்கிற ஒருத்தங்க சரி விடுன்னுதானே சொல்லுவாங்க.

ரெண்டாவது கோளாறு, இந்த மேப்புக்கு நாடு மட்டும்தான் தெரியும், இடம் தெரியாது. மாஸ்கோவுல ரெண்டு நாள் இருந்துட்டு வந்தா ரஷ்யா முழுசையும் சுரண்டணும், 1.7 கோடி சதுர கிலோமீட்டர், 11 நேர மண்டலம், மாஸ்கோவுலருந்து விளாதிவஸ்தோக் வரைக்கும் ரயில் பாதையே 9,289 கிலோமீட்டர். பாக்கவே பாக்காத சைபீரியா எல்லாம் பாத்த கணக்குல வந்துரும். அந்தப் பக்கம் ஈஸ்டர் தீவு, கடலைப் பாத்துக்கிட்டும் கடலுக்கு முதுகு காட்டிக்கிட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் கல் மனுஷங்க நிக்கிற இடம், சிலி கரையிலருந்து 3,500 கிலோமீட்டர் தள்ளி பசிபிக் நடுவுல தனியா கெடக்கு, அது சிலிக்குச் சொந்தம்ங்கறதால அதுக்குன்னு ஒரு கலர் கூட கிடையாது. என் மேப்புல ஒரு சென்டிமீட்டர் சுமார் 500 கிலோமீட்டர். ஈஸ்டர் தீவு அரை மில்லிமீட்டர் வரும். மாலத்தீவுல கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு தீவு இருக்கு, அதை நாலு புள்ளியா போட்டு அது மேல பூச்சு அடிச்சு வச்சிருக்காங்க, அதை எந்தக் கை நடுங்காதவங்களாலயும் சுரண்ட முடியாது. கனவுல இருக்குற இடம் பாதி இப்படித்தான், கலாபகஸ், ஈஸ்டர், மாலத்தீவுன்னு துளித்துளியா. பெரிய நாடுங்களுக்கு ஏத்த பொருள் இது, துளிங்களுக்கு இல்ல.

மூணாவது என்னன்னா, எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது, கனவு இடம்னு நாம சொல்றது வெறும் இடம் இல்ல, அது இடமும் மாசமும் சேந்தது. மேப்புல மாசம் கிடையாது. இதை நான் வேற யாரு ரிவ்யூவுலயும் பாக்கல, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

பொலிவியாவுல சலார் டி உயூனின்னு ஒரு உப்பு வெளி, 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, கடல் மட்டத்துலருந்து 3,650 மீட்டர் ஒசரத்துல. வானமும் தரையும் ஒண்ணாகி ஒரு ஆளு மேகத்துக்கு நடுவுல நடக்கிற மாதிரி போட்டோ பாத்திருப்பீங்க, அதைப் பாத்துதான் பாதிப் பேரு லிஸ்ட்ல எழுதறாங்க. அது மழைக்காலத்துல, டிசம்பர்லருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும், சில சென்டிமீட்டர் தண்ணி நிக்கும்போது மட்டும்தான். ஜூலையில போய் இறங்கினா கண்ணாடி இருக்காது, காஞ்சு வெடிச்ச உப்பு அறுகோணம் அறுகோணமா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் இருக்கும். அதுவும் அழகுதான், எனக்குக் கேட்டா அதுதான் அதிக அழகு, தண்ணி நிக்கும்போது உள்ள ரொம்ப தூரம் வண்டியும் போக முடியாது. ஆனா நீங்க கனவு கண்டது எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல.

நார்வேயில டிராம்சோ, 69 டிகிரிக்கு மேல வடக்க. அரோரா, அதாவது ராத்திரி வானத்துல தெரியுற பச்சை வெளிச்சம், பாக்கணும்னு எல்லாரும் சொல்ற ஊரு. மே பிற்பகுதியிலருந்து ஜூலை பிற்பகுதி வரைக்கும் அங்க சூரியன் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது, லீவு அப்பதான் கிடைச்சுதுன்னு போனா நடுராத்திரி வெயில் பாக்கலாம், பச்சை வெளிச்சம் பாக்க முடியாது. அரோரா அப்பவும் மேல இருக்கும், நமக்குத்தான் வானம் இருட்டாகாது. சூரியன்லருந்து வர்ற துகள்ங்க 100 கிலோமீட்டருக்கு மேல இருக்குற ஆக்ஸிஜன் மேல மோதி வர்ற வெளிச்சம் அது, அதைப் பாக்க இருட்டும் மேகமில்லாத வானமும் வேணும், செப்டம்பர் கடைசியிலருந்து மார்ச் வரைக்கும் போறவங்களுக்குத்தான் வாய்ப்பு. அதுவும் ஒரு ராத்திரி தங்கிட்டு வர்ற கணக்கு வேண்டாம், நாலஞ்சு ராத்திரியாவது இருக்கணும்.

விக்டோரியா அருவியும் அப்படித்தான். 1,700 மீட்டர் அகலம், 108 மீட்டர் ஒசரம், ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பங்கு போட்டுக்கிட்ட அருவி, இந்த மேப்புல எதைச் சுரண்டறதுன்னே தெரியாது. ஏப்ரல் வாக்குல தண்ணி உச்சத்துல இருக்கும்போது சாரல் எழும்பி அருவியையே மறைச்சிடும், நனைஞ்சுட்டு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வர்றவங்க உண்டு. அக்டோபர் நவம்பர்ல போனா ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறை. நடுவுல இருக்குற மாசங்கள்லதான் ரெண்டும் சரியா அமையும். பெருவுல இருக்குற மாச்சு பிச்சுங்கற பழைய இன்கா மலை நகரத்துக்கு, இன்கா டிரெயில்ங்கற மலைப்பாதை வழியா நடந்தே போகணும்னு ஆசை இருக்குறவங்க பிப்ரவரியில டிக்கெட் போட்டுடாதீங்க, வருஷா வருஷம் அந்த மாசம் பாதையை மூடிடுவாங்க, மத்த மாசத்துலயும் ஒரு நாளைக்கு கைடு, சுமை தூக்குறவங்க எல்லாரையும் சேத்து 500 பேருக்குத்தான் அனுமதி. இன்னொண்ணு, மூச்சு வாங்கறது மாச்சு பிச்சுல இல்ல, அது 2,430 மீட்டர்தான். அதுக்கு முன்னாடி வந்து இறங்கற குஸ்கோ 3,400 மீட்டர். மேல ஏறப் போறோம்னு நெனைச்சுக்கிட்டு போறாங்க, உண்மையில மாச்சு பிச்சு குஸ்கோவைவிட கீழதான் இருக்கு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, அந்தத் தங்க மேப்புல நான் சின்னச் சின்ன மஞ்ச ஒட்டுத்தாளை ஒட்டி மாசம் எழுத ஆரம்பிச்சேன். ஒட்டினது தப்பாப் போச்சு. எடுக்கும்போது பெரு பாதி அதோட பிச்சுக்கிட்டு வந்துருச்சு, போகாத நாடு போன நாடு மாதிரி பச்சையா நிக்குது இப்ப. தயவு செஞ்சு பூச்சு மேல எதையும் ஒட்டாதீங்க, கண்ணாடி போட்ட ஃப்ரேமா இருந்தா கண்ணாடி மேல ஒட்டிக்கலாம், என்னோடது கண்ணாடி இல்லாதது.

அதுக்கப்புறம்தான் கார்க் போர்டு மேப் வாங்கினேன். பின் குத்தற வகை. அச்சு கொஞ்சம் மங்கல், கார்க் நிறத்து மேல அடிக்கறதால கடலும் நிலமும் ஒரே பழுப்பு, பேரெல்லாம் கிட்டப் போனாத்தான் தெரியும். அழகுல ஸ்க்ராட்ச் மேப் பக்கத்துல நிக்க முடியாது. ஆனா வேலைக்கு இதுதான். குண்டூசி கழுத்துல ஒரு காகிதத் துண்டை மடிச்சு ஒட்டி கொடி மாதிரி பண்ணி, அதுல இடம், மாசம், யாரோட ஆசைன்னு மூணே விஷயம் எழுதி குத்திடலாம். மனசு மாறினா புடுங்கிடலாம், ஓட்டை தானா மூடிக்கும். எங்க வீட்டுல எல்லாரும் குத்தியிருக்காங்க. தம்பி தான்சானியா கென்யா எல்லையில மாரா ஆத்துகிட்ட குத்தினான், ஆகஸ்ட், லட்சக்கணக்குல வில்டபீஸ்ட்ங்கற மாடு மாதிரி மானுங்க முதலைக்கு நடுவுல ஆத்தைத் தாண்டுமே அதுக்கு. அப்பா ஜோர்டான்ல பெட்ரா, மார்ச். அந்த சிக்னு சொல்ற இடுக்கு வழியா ஒரு கிலோமீட்டருக்கு மேல ரெண்டு பக்கமும் பாறைச் சுவரு நெருக்க நடந்து போய், திடீர்னு பாறை விலகி அந்த செதுக்குன கட்டடம் தெரியுற அந்த நிமிஷம் வேணும்னு சொன்னாரு, அதை அவரு எங்க பாத்தாரு எப்ப மனசுல போட்டு வச்சாருன்னு எங்க யாருக்கும் தெரியாது. ஒரு பின்னைக் கையில குடுத்தப்பதான் வாயைத் திறந்தாரு. இந்த ஒரு காரணத்துக்காகவே கார்க் போர்டுக்கு நான் முழு மார்க் குடுப்பேன்.

ஆனா அதுலயும் அன்டார்டிகா ஓரத்துல ஒரு வெள்ளைப் பட்டைதான், கீழ விளிம்பு பூரா இழுத்து விட்ட மாதிரி. வட்டமான ஒண்ணை நீட்டிக் கோடாக்கி வச்சிருக்காங்க. அம்மாவைக் கூப்புட்டு இதுதான்மான்னு காட்ட எனக்கு மனசு வரல. அதனால குளோப்.

குளோப் 30 சென்டிமீட்டர் விட்டம். இதுல இழுப்பு கிழிப்பு எதுவும் இல்ல, ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கா அளவுலயே இருக்கு, கிரீன்லாந்து அதோட அளவுல இருக்கு. அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா, அவளுக்கு ஏழு வயசு, ஒரு தையல் நூலை எடுத்துட்டு வந்து "சித்தி, டோக்கியோவுலருந்து நியூயார்க் எப்படிப் போவாங்க"ன்னு கேட்டா. சுவத்து மேப்புல காட்டினா பசிபிக்கை நேரா குறுக்க வெட்டிப் போகும். குளோப்ல நூலை ரெண்டு ஊர் மேலயும் வச்சு இறுக்கிப் புடிச்சப்ப அது தானா வழுக்கி மேல ஏறி அலாஸ்காவைத் தொட்டு கனடா வழியா இறங்குச்சு. அவ நூலை விட்டுட்டு மறுபடி இறுக்கினா, மறுபடியும் அங்கயேதான் போய் நின்னுச்சு. "அது ஏன் சித்தி மேல போவுது"ன்னு கேட்டுக்கிட்டே அன்னைக்குப் பூரா எல்லா ஊருக்கும் நூல் புடிச்சா. சிட்னியிலருந்து சான்டியாகோவுக்கு நூல் தெற்க எறங்கி அன்டார்டிகா பக்கமா வளைஞ்சப்ப அம்மாவே பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க.

குளோபுக்கும் குறை உண்டு. தென் துருவத்துல அச்சாணியோட திருகும் மூடியும் வந்து ஒரு ரூபா நாணயம் அளவுக்கு மறைச்சிருது, ஸ்டாண்டோட கை வேற குறுக்க வரும். நல்லவேளையா பென்குயின் பாக்கப் போற தீபகற்பம் தென் அமெரிக்காவை நோக்கி விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறதால அது மூடிக்கு வெளிய தெரியுது. அம்மா அதைத் தொட்டுப் பாத்தாங்க, உஷுவாயாவுலருந்து எவ்ளோ தூரம்னு கேட்டாங்க, நான் நூலை வச்சுக் காட்டினேன், ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம். "இவ்ளோதானா"ன்னாங்க. மேடு பள்ளமா தடவிப் பாக்குற மாதிரி வர்ற குளோப் வாங்காதீங்க, எவரெஸ்ட்டே இந்த சைஸ்ல அளவுப்படி போட்டா 0.2 மில்லிமீட்டர்தான் வரும், அவங்க மலையை ஊதிப் பெருசாக்கி வச்சிருப்பாங்க, தூசி புடிக்கும் அவ்ளோதான்.

இப்படி ஆசைப்பட்டுக்கிட்டே சுவத்தைப் பாத்துட்டு இருக்கறதுல என்ன லாபம்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2010ல நெதர்லாந்துல 1,530 பேரை வச்சு ஒரு ஆய்வு வெளியாச்சு, ஜெரோன் நவாயின்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் பண்ணது. டூர் போறவங்க போகாதவங்களைவிட சந்தோஷமா இருந்தது போறதுக்கு முன்னாடிதான், போயிட்டு வந்தப்புறம் பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல, ரொம்ப நிம்மதியா கழிச்சவங்களுக்கு மட்டும்தான் கொஞ்ச நாள் நீடிச்சுது. அப்போ காத்திருக்கற காலத்துக்குன்னு ஒரு பொருள் வீட்டுல இருக்கறது வீண் செலவு இல்ல. ஆனா அந்தப் பொருள் காத்திருக்கறதுக்கு உதவணும், போன கணக்கை எண்ணறதுக்கு மட்டும் இருக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க மேப்புல கலர் ஏறணும்ங்கறதுக்காகவே விமானம் மாறுற இடைவெளியில ஏர்போர்ட்டை விட்டு அரை மணி நேரம் வெளிய வந்துட்டு ஒரு நாட்டைச் சுரண்டினாங்க. ரொம்ப நல்லவங்கதான், ஆனா அவங்களுக்கு சின்ன வயசுலருந்து ஜப்பான்ல செர்ரி பூக்குற சமயத்துல கியோட்டோவுல நடக்கணும்னு இருந்த ஆசை, மார்ச் கடைசி ஏப்ரல் ஆரம்பம்னு அந்த ரெண்டு வாரத்துக்கு லீவு எடுக்காம வருஷா வருஷம் தள்ளிப் போகுது. இந்த மேப் அவங்களுக்கு அதை ஒரு நாளும் ஞாபகப்படுத்தல.

வாங்கறதா இருந்தா இதைப் பாருங்க. ஸ்க்ராட்ச் மேப்னா கீழ் விளிம்பைத்தான் மொதல்ல பாக்கணும், அன்டார்டிகா இருக்கா. மெர்கேட்டருக்குப் பதிலா, துருவத்துகிட்ட அவ்ளோ இழுக்காத ராபின்சன் அல்லது விங்கெல் டிரிப்பெல் முறையில போட்டதான்னு கேளுங்க, ஓரம் வளைஞ்சு முட்டை மாதிரி இருந்தா பெரும்பாலும் அதுதான், நேஷனல் ஜியாக்ரஃபிக்கே 1988ல ராபின்சனுக்கு மாறி 1998ல விங்கெல் டிரிப்பெலுக்குப் போயிட்டாங்க. தெற்கு சூடான் இருக்கான்னு பாருங்க, அது இருந்தா ஃபைலை 2011க்கு அப்புறம் தொட்டிருக்காங்கன்னு தெரியும். தீவுங்களுக்கு தனியா பெருசுபடுத்தி ஒரு கட்டம் குடுத்திருந்தா ரொம்ப நல்லது. கண்ணாடி போட்ட ஃப்ரேம் போடுங்க. நேர் வெயில் படற சுவரு வேண்டாம், எனக்கு ஒரு பக்கம் தங்கம் வெளுத்து தகரம் மாதிரி ஆயிடுச்சு.

அஞ்சுக்கு மார்க் போடணும்னா ஸ்க்ராட்ச் மேப்புக்கு ரெண்டரை, அதுவும் அச்சுக்கும் கலருக்கும். நெறைய நாடு ஏற்கனவே சுத்தினவங்களுக்கு கிஃப்ட் குடுக்க நல்லா இருக்கும். இனிமேதான் போகணும்னு இருக்குறவங்களுக்கு கார்க் போர்டு குடுங்க, கூட ஒரு டப்பா குண்டூசி, அதுக்கு நாலு மார்க். வீட்டுல குழந்தை இருந்தா குளோப், நாலரை, அந்த மூடி மட்டும் சின்னதா இருந்திருந்தா அஞ்சே குடுத்திருப்பேன்.

தங்க மேப்பை நான் தூக்கிப் போடல. அக்கா பொண்ணு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நீள வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஃப்ரேமுக்கு கீழ சுவத்துல ஒட்டி அதுல அன்டார்டிகா வரைஞ்சுட்டுப் போயிருக்கா, குளோபைப் பாத்து பென்சிலால, தீபகற்பம் சரியா தென் அமெரிக்கா வாலுக்கு நேரா வர்ற மாதிரி. அதுல ஒரு பென்குயின், அதோட கால்ல ஒரு முட்டை. கார்க் போர்டுல அம்மா பேர்ல நான் குத்தி வச்சிருந்த கொடியை அம்மாவே புடுங்கிட்டு வந்து அந்தக் காகிதத்துல குத்திட்டாங்க, சுவத்துல ஓட்டை விழுந்துருச்சு. கொடியில "ஜனவரி"ன்னு என் கையெழுத்து, அதுக்குப் பக்கத்துல அம்மா கையெழுத்துல புதுசா "ரெண்டு பேரு".